அட்டை கடித்தால் முழங்கால் வலி குறைவது எதனால்?

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஆந்த்ரேயாஸ் மிஹால்சன் குழுவினர் நடத்திய ஆய்வொன்று 2003இல் ‘ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் கொண்ட 51 பேரில் 24 பேருக்கு ஒரே ஒருமுறை நான்கு முதல் ஆறு அட்டைகள் விடப்பட்டன. மற்ற 27 பேர் 28 நாள் டைக்ளோஃபெனாக் களிம்பு தடவினர். ஏழாம் நாளில் அட்டைக் குழுவின் சராசரி வலி மதிப்பெண் 53.5இலிருந்து 19.3ஆக இறங்கியிருந்தது. களிம்புக் குழுவில் அது 51.5இலிருந்து 42.4 வரை மட்டுமே குறைந்தது.

இந்தப் பலனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் அட்டையின் உமிழ்நீருக்கு எவ்வளவு பங்கு, சிகிச்சை பெறும் அனுபவத்துக்கு எவ்வளவு பங்கு? களிம்போடு ஒப்பிட்டு இதைப் பிரித்தறிய முடியாது.

சிகிச்சை நடக்கும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். முழங்காலைச் சுற்றி அழுத்தினால் வலிக்கும் இடங்களில் அட்டைகள் விடப்படுகின்றன. மூன்று தாடைகளால் தோலை அறுத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உறிஞ்சியபின் அட்டை தானாகவே கழன்று விழும். காயத்தில் ரத்தம் பல மணி நேரம் கசியும், கட்டு நனையும். சில நாள் அரிப்பும் இருக்கும். நோயாளி இதையெல்லாம் கண்ணால் பார்க்கிறார், மருத்துவர் உடனிருக்கிறார். வீட்டில் தானே களிம்பு தடவிக்கொள்பவருக்கு இப்படி எதுவும் நடப்பதில்லை.

உமிழ்நீரின் வேதியியலும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் அட்டையில் இருப்பதை ஜான் ஹேக்ராஃப்ட் 1884இல் காட்டினார். பின்னர் ஹிருடின் எனப் பெயரிடப்பட்ட அதை 1950களில் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் பிரித்தெடுத்தார். அழற்சியில் பங்கேற்கும் நொதிகளை உமிழ்நீரிலுள்ள எக்லினும் ப்டெலினும் கட்டுப்படுத்துகின்றன. திசுக்களுக்குள் இவை பரவ ஹயலுரானிடேஸ் என்னும் நொதி வழிவிடுகிறது.

தேய்ந்த குருத்தெலும்பில் வலி நரம்புகளே இல்லை. மூட்டின் உட்சவ்வு, உறை, தசைநார், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு ஆகியவையே வலியை உணர்த்துகின்றன. ஆகவே தேய்மானம் மாறாமலே வலி தணியலாம். உமிழ்நீர் மேலோட்டமான திசுக்களில் வேலை செய்கிறது என்ற விளக்கம் இதனோடு பொருந்துகிறது. அதே சமயம், ‘குருத்தெலும்பு மீண்டும் வளரும்’ என்ற விளம்பரத்துக்கு இதில் ஆதாரமில்லை.

சிகிச்சை அனுபவத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வு சான்று. 2002இல் வெளியான அதில் முழங்கால் தேய்மானம் கொண்ட 180 பேர் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு மூட்டுக்குள் நுண்கருவி செலுத்திச் செய்யும் உண்மையான ஆர்த்ரோஸ்கோப்பி நடந்தது. சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போடப்பட்டது. இரண்டாண்டுக்குப் பிறகும் வலியில் வேறுபாடு தென்படவில்லை. மருந்தே இல்லாத ஊசிகூட மருந்தில்லா மாத்திரையைவிட முழங்கால் வலியை அதிகம் குறைப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அறுப்பதும் ரத்தம் எடுப்பதும் சேர்ந்த அட்டைச் சிகிச்சை இதற்கு எப்படி விலக்காகும்?

எஸ்ஸன் குழு இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. நோயாளிகளின் எதிர்பார்ப்பு முடிவைப் பாதிக்கவில்லை என்றே அது அறிவித்தது. ஆனால், தான் பெறுவது எதுவென்று தெரிந்தவரிடம் எதிர்பார்ப்பைக் கேட்டறிவது வேறு. பெறுவது எதுவென்றே தெரியாமல் மறைப்பது வேறு. மேலும், ஏழாம் நாளுக்குப்பின் இரு குழுக்களின் வலி வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது. மூட்டு இறுக்கத்திலும் செயல்திறனிலும் மட்டும் 91ஆம் நாள் வரை அட்டைக் குழு முன்னிலை வகித்தது.

ஜெர்மனியின் ஆஹன் நகரில் 113 பேரிடம் நடந்த ஆய்வு ஒரு படி முன்னேறியது. 2008இல் வெளியான அதில் ஒருமுறை அட்டை, இருமுறை அட்டை, அட்டை விடுவதுபோன்ற பாவனை என மூன்று குழுக்கள் இருந்தன. இருமுறை பெற்றவர்களுக்கே பலன் அதிகம், நீடித்ததும்கூட. உமிழ்நீருக்கும் பங்குண்டு என்போருக்கு இதுவே வலுவான சான்று. ஆயினும் ஓர் ஊரின் ஒரே ஆய்வு முடிந்த முடிபாகாது.

தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு நடைமுறைப் பொருள் உண்டு. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் அட்டை விடலும் ஒன்று. ஆனால் ஐரோப்பிய ஆய்வுகளின் எண்களை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. இங்கு விடப்படும் இந்தியக் கால்நடை அட்டை வேறு இனம். அங்கே அட்டையை ஒருமுறைக்குமேல் பயன்படுத்துவதில்லை. இங்கே மஞ்சள் தூவி ரத்தத்தைக் கக்கவைத்து மறுபடி வளர்க்கும் வழக்கம் உண்டு. அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியா காயத்தில் தொற்றை உண்டாக்கலாம். ரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர், ரத்தசோகை உள்ளோர், நோயெதிர்ப்பு குன்றியோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை ஆகாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் அட்டைக்குத் தந்த அனுமதியும் ஒட்டறுவைக்குப்பின் தேங்கும் ரத்தத்தை வடிக்கவே, முழங்காலுக்கு அன்று.

வலிநிவாரணி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, தொற்றுத் தடுப்பு வசதியுள்ள இடத்தில், இரண்டாம் நிலை வாய்ப்பாக இதை வைப்பது நியாயம். அடுத்த ஆய்வு திரையிட்டு மறைத்த முழங்காலில் நடக்க வேண்டும். ஒரு குழுவுக்கு அட்டை, ஒரு குழுவுக்குச் சிறு கத்தியால் அதே அளவு கீறலும் ரத்தக் கசிவும், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான உடற்பயிற்சிச் சிகிச்சை எனப் பிரித்து, யாருக்கு என்ன தரப்பட்டது என அறியாத ஒருவர் ஆறு மாதம் வலியை அளக்க வேண்டும். முதல் இரு குழுக்களுக்கிடையே எஞ்சும் வேறுபாட்டை மட்டுமே அட்டையின் உமிழ்நீருக்கு உரியதாகக் கொள்ளலாம்.