எல்லைக்கல்லோடு நின்ற சட்டம்

1/ "வெள்ளைக்காரன் இந்தியா முழுக்க ஆண்டான்"னு சொல்றோம். முழுசா அப்படி இல்லை. 1947ல் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலம் ராஜாக்கள், நவாபுகள் கையில் இருந்தது. 550க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். அதில் ஒன்று நம்ம புதுக்கோட்டை.

2/ சுற்றிலும் திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம். அங்கெல்லாம் கலெக்டர், நேரடி ஆட்சி. நடுவில் புதுக்கோட்டைக்கு மட்டும் தொண்டைமான் ராஜா, திவான், "அம்மன் காசு"ன்னு சொந்த நாணயம்! கர்நாடகப் போர்களிலும் பாளையக்காரர் போரிலும் கம்பெனி பக்கம் நின்றதற்குக் கிடைத்த பலன் இது. 1799ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் தொண்டைமான்தான்.

3/ 1886ல் இங்கே பிறந்தவர் முத்துலட்சுமி. அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இவர் இடம் கேட்டதும் பெற்றோர்கள் எதிர்த்தாங்க. ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். விஷயம் முடிந்தது. 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து டாக்டரானார்.

4/ அப்போ ராஜா நினைத்தால் எல்லாம் நடக்குமா? அதுதான் இல்லை. அதே ராஜா 1915ல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கைத் திருமணம் செய்தார். ஆங்கிலேய அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. மகனுக்குப் பட்டமும் கிடைக்கவில்லை. ராஜா ஊரை விட்டே போய், 1928ல் பிரான்சில் இறந்தார். பள்ளிக்கூடம், வரி, கோயில் எல்லாம் ராஜா பார்த்துக்கலாம். அடுத்த ராஜா யார் என்பதில் கடைசிச் சொல் ஆங்கிலேயருடையது.

5/ இனி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை சட்டசபையின் நியமன உறுப்பினர், துணைத் தலைவர். கோயில் சேவை செய்யாவிட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்களுக்கே என்று 1929ல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947ல் வந்தது. ஆனா சென்னை சட்டம் சமஸ்தானத்துக்குள் செல்லாது. தன் அம்மாவின் சமூகத்துக்காகப் போராடி வாங்கிய சட்டம், பிறந்த ஊரின் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது.

6/ 1948 மார்ச் 3ல் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைக்கல்லுக்கு வேலை இல்லாமல் போனது.

7/ "ராஜா ஆட்சி நல்லதா, வெள்ளைக்காரன் ஆட்சி நல்லதா?"ன்னு கேட்பீங்க. ராஜா நல்லவரா இருந்தா ஒரு பெண்ணுக்குக் கதவு திறக்கும். அடுத்தவர் வந்தால் மூடலாம். வெள்ளைக்காரன் சட்டசபையிலோ ஓட்டு சொத்து உள்ளவர்களுக்குத்தான். இரண்டிலும் சாமானியன் தயவை நம்பித்தான் இருந்தான்.

இன்றும் அரசு மருத்துவமனையில் "உங்க தயவு சார்"னு கையெடுத்துக் கும்பிடுறாங்க. தயவு இல்லைங்க. அது உங்க உரிமை.