வான்முகிலும் கண்ணாடித் தகடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலுள்ள வட்டுக்கோட்டையில், 1823 ஆம் ஆண்டில், அமெரிக்க மிஷனரிமார் ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரி எனப் பெயர்பெற்ற அச்சாலையில் கணிதத்தோடு வானசாத்திரமும் முறையாகக் கற்பிக்கப்பட்டது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அயலூராகிய அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரோ பஞ்சாங்கம் கணிப்பதிற் பெரும்புகழ் பெற்றவர். 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றிச் சாஸ்திரியாரின் கணிதமும் ஐரோப்பியக் கணிதமும் மாறுபட்டன. தொடங்கும் வேளை, நீடிக்கும் காலம், மறையும் அளவு ஆகிய மூன்றிலும் வேற்றுமை இருந்தது. அன்றிரவு வானமே நடுவராயிற்று. ஐரோப்பியக் கணிதமே பொருந்திற்று என்று எமர்சன் டெனன்ட் 1850 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அதனை எழுதியோர் வென்ற பக்கத்தார் என்பதை மறத்தலாகாது. எனினும், கண்ணாற் கண்டதே முடிந்த சான்று என்னும் நெறி அன்று ஊரறிய நிலைநாட்டப்பட்டது. தமிழ் வானசாத்திரத்தைச் செமினரி புறக்கணித்துவிடவுமில்லை. அங்கே ஆசிரியராயிருந்த ஹொய்சிங்டன், அச்சாத்திர முறையை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கங்களோடும் 1848 இல் நூலாக்கினார்.

கண்ணாற் கண்டதே சான்றாயின், கண்ணுக்கு எட்டாத பொருளுக்குச் சான்று யாது? இவ்வினாவை எழுப்பியவை நெபுலாக்கள் எனப்படும் வான்முகில்கள். மார்கழி இரவில் திருவாதிரை மீனின் அருகே மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கக் காணலாம். அவற்றின் கீழே மங்கலான ஒரு புகைப்படலம் தோன்றும். அதுவே ஓரையன் நெபுலா. தொலைநோக்கியில் அதனைக் கண்டு வரைந்தோர் பலர். ஒருவர் வரைந்தது மற்றவர் வரைந்ததை ஒத்திருக்கவில்லை. மாறியது முகிலா, அன்றி வரைந்த கையா என்று துணிய வழியில்லாதிருந்தது.

மனிதக் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு நாழிகை உற்று நோக்கினாலும் முதற் கணத்திற் கண்டதற்கு மேல் அதிகம் காணாது. ஒளிப்படத் தகடோ துளித்துளியாக ஒளியைச் சேர்க்கும். 1880 செப்டெம்பர் 30 ஆம் நாள் ஹென்றி டிரேப்பர் என்னும் அமெரிக்கர், 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து, ஓரையன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தார். 1883 இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கொமன் எடுத்த படத்தில், தொலைநோக்கி வழியே பார்க்கும் கண்ணுக்கும் புலப்படாத மீன்கள் பதிந்திருந்தன. கண்ணைத் திருத்தும் சாட்சி அன்று பிறந்தது.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகைய சாட்சியொன்று யாழ்ப்பாண மண்ணில் நின்றது. 1871 டிசெம்பர் 12 ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து சென்றது. சூரியன் முற்றாக மறைந்த ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில், அதனைச் சூழ்ந்து விரியும் மெல்லொளியைக் கப்டன் ஹொக் என்பார் யாழ்ப்பாணத்திற் படம் பிடித்தார். அக்காலத்தில் ஈரத் தகடே வழக்கு. அது சில நிமிடத்தில் உலர்ந்து பயனற்றுப் போகும். உலர்தகடு வந்த பின்னரே நெபுலாவுக்கு வேண்டிய நெடுநேரப் படப்பிடிப்புக் கைகூடிற்று.

ஆயினும் மணிக்கணக்காகக் காத்திருத்தல் எளிதன்று. இங்கே தொலைநோக்கியின் வடிவமே துணை செய்கிறது. துலா மிதித்து இறைத்த நீரைப் பெரிய வயலிற் பரப்பினால் மண் நனைய நெடுநேரமாகும். அதே நீரைச் சிறு பாத்தியில் விட்டாற் கணத்தில் ஊறிவிடும். தொலைநோக்கியின் ஆடி எவ்வளவு அகலமோ அவ்வளவு ஒளியை அது திரட்டும். அவ்வொளியைக் குறுகிய குவியத்தூரத்திற் கூட்டினால், முகிலின் உருவம் தகட்டிற் சிறிதாக, ஆனால் செறிவாக விழும். ஆடியின் அகலம் மாறாமற் குவியத்தூரத்தைப் பாதியாக்கினால் வேண்டிய நேரம் காற்பங்காகும். தகட்டில் அடங்கும் வானப்பரப்பும் விரியும். விரைவும் விரிவும் ஒருங்கே வாய்க்கின்றன.

இங்கே ஒரு தடையும் உண்டு. குவியத்தூரம் குறுகக் குறுக, படத்தின் ஓரத்தில் மீன்கள் வால் முளைத்துச் சிதையும். இத்தடையை வென்றவர் எஸ்தோனியத் தீவொன்றிற் பிறந்த பேர்ன்ஹார்ட் ஷ்மிட். இளமையில் வெடிமருந்து விபத்திலே வலக்கையை இழந்தவர் அவர். 1930 இல், கோள வடிவான ஆடியின் முன்னே நுண்ணிதாகத் தேய்த்த மெல்லிய கண்ணாடி ஒன்றை அமைத்து, ஓரம்வரை தெளிவான படம் பெற்றார். அவர் வழியில் அமைந்த 48 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, 1949 முதல் 1958 வரை, அமெரிக்காவின் பலோமார் மலையிலிருந்து வடவானம் முழுவதும் படமெடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சவ்வாது மலையிலுள்ள காவலூரிலும் 45 சென்ரிமீற்றர் ஷ்மிட் தொலைநோக்கி இயங்கிற்று. அங்கு 1988 இல் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோள் கணிதமேதை இராமானுசன் பெயரைத் தாங்குகிறது.

இன்று தகட்டின் இடத்தை மின்னணுக் கருவி பிடித்துவிட்டது. பெரிய ஆய்வகங்களுக்கே உரியதாயிருந்த இவ்வித்தை, கையாலே தூக்கத்தக்க சிறு தொலைநோக்கியால் ஆர்வலருக்கும் கைவருகிறது. வட்டுக்கோட்டைக்கு இயற்கை தந்த பேறும் ஒன்றுண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் உள்ளாக அவ்வூர் அமைந்திருத்தலால், வடக்கின் சப்தரிஷி மண்டலமும் தெற்கின் சிலுவை மீன்களும் அங்கிருந்தே தெரியும். ஓரையன் நெபுலா உச்சிக்கு அருகாகச் செல்லும். தெருவிளக்கின் ஒளி வானில் ஏறாத வெளி ஒன்றே வேண்டுவது.

செமினரி 1855 இல் மூடப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரி அங்கே 1872 இல் தொடங்கிற்று. கிரகண நிழல் குடாநாட்டின் மேல் விழுந்த 1871 இல், வானசாத்திரம் கற்பித்த அச்செமினரி இருக்கவில்லை. படத்தை எடுத்தவரும் அதனை ஆராய்ந்தவரும் பிறநாட்டார். 1829 இல் தன் கண்ணால் வானத்தைச் சாட்சி கேட்ட ஊர், 1871 இல் பிறர் கருவிக்கு நிழல் மாத்திரம் கொடுத்தது. இன்று அவ்வூரிற் பள்ளிகள் திறந்திருக்கின்றன. கருவியும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பழைய பெருமையைச் சொல்லி மகிழ்வதினும், மார்கழி இரவொன்றில் மாணவர் தாமே ஒரு வான்முகிலைப் படமாக்கி, அதில் உள்ளது இது, இல்லாதது இது என்று வாதிட்டுத் தெளிதலே விசுவநாத சாஸ்திரியாருக்கும் டானியல் பூவருக்கும் ஒருங்கே செய்யும் மரியாதையாகும்.