சலவைக்காரர் மேல் விழுந்த பழி

இன்னைக்குப் பேசப்போற விஷயத்தை யாரும் நாலு பேர் முன்னால பேசமாட்டாங்க. தொடை இடுக்கில் வருகிற அரிப்பு. கல்லூரி விடுதியில் இருந்தப்போ நானே ரெண்டு மாசம் இதை மறைச்சு வச்சேன்.

தமிழில் இதைப் படர்தாமரை என்கிறோம். ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, வட்டமாகப் படரும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிற பெயர். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களிடம் புழங்கிய பெயர் வேறு: ‘டோபி இட்ச்’. அதாவது, துணி வெளுக்கிறவர் தந்த அரிப்பு! ஊரார் துணியோடு சேர்த்துத் துவைத்ததால்தான் தொற்றியது என்பது துரைமார் நம்பிக்கை.

துணி வழியே தொற்றவே தொற்றாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பூஞ்சை வளரச் சூடும் ஈரமும் வேண்டும். நம்ம ஊர் வெயிலில் இறுக்கமான கால்சட்டைக்குள் வேர்த்து நின்றது யார்? பல பேருக்கு அவரவர் கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணில் இருந்தே, உள்ளாடை மாட்டும்போது மேலே ஏறிவிடுகிறது. விடுதியில் என் துணியை நானேதான் துவைத்தேன்; பழி போட ஆளே இல்லை.

அன்றைய மருந்து ‘கோவா பவுடர்’. பெயர்தான் கோவா. அது பிரேசில் நாட்டு அராரோபா மரத்தில் இருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பது 1870களில்தான் வெளியே தெரிந்தது. வேலை செய்யும், தோலையும் புண்ணாக்கும், துணியிலும் கறை பிடிக்கும். அந்தக் கறையை வெளுக்கவேண்டியவரும் அதே சலவைக்காரர்தான் பாருங்க!

அவர் பக்கம் நியாயமாகக் காட்டக்கூடிய தவறு ஒன்று உண்டு. அது வேறு நோய். துணியில் அடையாளம் போடும் சேராங்கொட்டைச் சாறு சிலருக்கு ஒவ்வாது. இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சலவைக்குறி பட்ட இடத்தில் தோல் கொப்பளித்ததை 1943இல் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள்.

இப்போதைய சிக்கல் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மருந்துக்கடையில் கேட்டதும் எனக்குக் கிடைத்ததும் அதுதான். மூணு நாளில் அரிப்பு அடங்கியது. பிறகு வயிறு வரைக்கும் படர்ந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. வழக்கமான மாத்திரைக்கு எளிதில் மசியாத ஒரு வகைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். மறுபடியும் இந்தியா தலையில்!

குளித்ததும் இடுக்கை நன்றாகத் துடைங்க. தளர்வான பருத்தித் துணி போதும். சேற்றுப்புண் இருந்தால் முதலில் சாக்ஸ், அப்புறம் உள்ளாடை. துண்டைப் பகிர வேண்டாம். உராய்வாலும் சோரியாசிஸாலும்கூட அங்கே சிவக்கும், அதனால் தோல் மருத்துவரிடம் காட்டுங்க. அரிப்பு நின்ற அன்றைக்கே மருந்தை நிறுத்திடாதீங்க. அவர் சொன்ன நாள் வரைக்கும் தடவணும்.