விமானத்தில் செல்போன், லேப்டாப், பவர் பேங்க்: எதை எப்போது பயன்படுத்தலாம்? ஃபிளைட் மோட் போடலைன்னா என்ன ஆகும்?

விமானம் கிளம்பும் நேரத்தில் எல்லோர் காதிலும் விழும் அறிவிப்பு இது: "உங்கள் செல்போனை ஃபிளைட் மோடில் வையுங்கள்." சிலர் உடனே போட்டுவிடுவார்கள். சிலர், "ஒரு போன் சிக்னல் இவ்வளவு பெரிய விமானத்தை என்ன செய்துவிடும்?" என்று அப்படியே பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்று விமான நிறுவனங்கள் அதிகம் கவலைப்படுவது போனின் சிக்னலைப் பற்றி அல்ல, அதில் இருக்கும் பேட்டரியைப் பற்றி. சிக்னல் தொடர்பான விதிகள் கடந்த 10, 12 ஆண்டுகளில் தளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. பேட்டரி, பவர் பேங்க் தொடர்பான விதிகளோ இறுகிக்கொண்டே போகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதற்கு எந்த விதி என்பது புரியும்.

இந்தத் தடை எப்போது, எதனால் வந்தது?

செல்போன் வருவதற்கு முன்பே இந்தத் தடை வந்துவிட்டது. காரணம், கையில் எடுத்துச் செல்லும் எஃப்எம் ரேடியோ.

எஃப்எம் நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பாகின்றன. அதை வாங்கிப் பாடும் ரேடியோ பெட்டி, தனக்குள்ளேயே ஓர் அலையை உருவாக்கித்தான் நிலையத்தைப் பிடிக்கும். அந்த அலை, நாம் கேட்கும் நிலையத்தைவிட பொதுவாக 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். அதாவது 100 மெகாஹெர்ட்ஸில் பாட்டுக் கேட்டால், பெட்டிக்குள் 110.7 மெகாஹெர்ட்ஸ் அலை உருவாகும்.

சிக்கல் இங்கேதான். விமானம் வழி கண்டுபிடிக்கவும், ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கவும் உதவும் ரேடியோ கருவிகள் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்குகின்றன. பயணி கையில் இருக்கும் ரேடியோவின் கசிவு, விமானியின் கருவி கேட்கும் அதே அலைவரிசையில் போய் விழும். இதை ஆராய்ந்த பிறகுதான் 1960களில் அமெரிக்கா கையடக்க மின்னணுக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்போதே காது கேட்கும் கருவி, இதயத்துக்கான பேஸ்மேக்கர், எலெக்ட்ரிக் ஷேவர், குரல் பதிவுக் கருவி போன்றவற்றுக்கு விலக்கு கொடுக்கப்பட்டது.

செல்போன் வந்த பிறகு இன்னொரு தடையும் சேர்ந்தது. 1991இல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம், பறக்கும் விமானத்தில் செல்போன் பேசத் தடை விதித்தது. இதற்கு முக்கியக் காரணம் விமானப் பாதுகாப்பு அல்ல, தரையில் இருக்கும் டவர்கள். தரையில் நிற்கும் போன் பக்கத்தில் இருக்கும் சில டவர்களோடு மட்டும்தான் பேசும். 10 கிலோமீட்டர் உயரத்தில் வேகமாகப் போகும் போனோ ஒரே நேரத்தில் ஏராளமான டவர்களுக்குத் தெரியும். நெட்வொர்க் இதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல.

ஃபிளைட் மோட் போடலைன்னா விமானம் விழுந்துடுமா?

விழாது. பயணியின் செல்போன் சிக்னலால்தான் நடந்தது என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட பெரிய பயணிகள் விமான விபத்து எதுவும் இல்லை. இன்றைய விமானங்களின் வயரிங்கும் கருவிகளும் இப்படிப்பட்ட அலைகளைத் தாங்கும் வகையில் பரிசோதிக்கப்பட்டவை.

அப்படியானால் ஏன் சொல்கிறார்கள்? போன் டவரைத் தேடும்போது சிக்னல் பலவீனமாக இருந்தால், தன் சக்தியை அதிகபட்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும். ஒரு 4ஜி போன் அதிகபட்சமாகச் சுமார் 200 மில்லிவாட் வரை வெளியிடும். பழைய 2ஜி போன்கள் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு 2 வாட் வரைகூடப் போகும். ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தால் கால் வருவதற்கு முன் "டிட்-டிட்-டிட்" என்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம் விமானியின் ஹெட்செட்டிலும் கேட்கலாம். கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரம், ஓடுபாதை எண் போன்றவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் நொடியில் அந்த இரைச்சல் வரக்கூடாது என்பதுதான் கவலை.

ஒரு போன் என்றால் பரவாயில்லை. 180 பேர் போனும் ஒரே நேரத்தில் டவர் தேடினால்? ஒவ்வொரு போனையும் பரிசோதிக்க முடியாது. ஒரு பட்டனை அழுத்தினால் தீரும் விஷயம் என்பதால் விதி அப்படியே நிற்கிறது.

ரேடியோ அலைகள் குறித்த பயம் வெறும் கற்பனையும் அல்ல. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4.2 முதல் 4.4 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதற்குப் பக்கத்து அலைவரிசையில் 5ஜி வந்தபோது, 2022 ஜனவரியில் அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே எழுந்தது. இந்தியாவிலும் அதே ஆண்டு நவம்பரில், விமான ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டர் வரையும், ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 910 மீட்டர் வரையும் 3.3 முதல் 3.6 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான 5ஜி டவர்களை அமைக்க வேண்டாம் என்று தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

இந்தியாவில் இப்போது விதி என்ன?

இந்தியாவில் 2014 ஏப்ரல் வரை டேக்-ஆஃப், லேண்டிங் நேரங்களில் மின்னணுக் கருவிகளை முழுவதும் ஆஃப் செய்ய வேண்டியிருந்தது. அந்த மாதத்தில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதியைத் தளர்த்தியது. ஃபிளைட் மோடில் இருந்தால் போன், டேப்லெட் போன்றவற்றைப் பயணம் முழுவதும் பயன்படுத்தலாம் என்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 அக்டோபரில் அமெரிக்காவும், டிசம்பரில் ஐரோப்பாவும் இதே முடிவை எடுத்திருந்தன. 2014 செப்டம்பரில் ஐரோப்பா இன்னொரு படி மேலே போய், தங்கள் விமானத்தைப் பரிசோதித்து உறுதி செய்துகொண்ட நிறுவனங்கள் விரும்பினால் ஃபிளைட் மோட் இல்லாமலும் அனுமதிக்கலாம் என்றது.

ஃபிளைட் மோட் போட்ட பிறகு ப்ளூடூத் ஹெட்போன் பயன்படுத்தலாமா? விமான நிறுவனம் அனுமதித்தால் பயன்படுத்தலாம். அதன் சக்தி சில மில்லிவாட்தான்.

ஆனால் பனிமூட்டத்தில், ஓடுபாதையே தெரியாமல் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும்போது எல்லாக் கருவிகளையும் முழுவதும் ஆஃப் செய்யச் சொல்லலாம். குளிர்காலத்தில் டெல்லி போகிறவர்கள் இதை எதிர்பார்க்கலாம். அப்போது "ஃபிளைட் மோடில்தானே இருக்கு" என்று வாதாடிப் பயனில்லை. விமானி சொல்வதுதான் விதி.

லேப்டாப்பை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

இதற்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை. டேக்-ஆஃப், லேண்டிங் நேரத்தில் விமானம் திடீரென்று பிரேக் போட்டால், கையில் இருக்கும் லேப்டாப் பறந்து போய் யார் தலையிலாவது விழும். அவசரமாக வெளியேற வேண்டிய நேரத்தில் மடியில் திறந்திருக்கும் லேப்டாப்பும் தொங்கும் சார்ஜர் வயரும் காலைத் தடுக்கும். ஒரு விமானத்துக்கு அனுமதி தரும்போதே, பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு நொடியும் முக்கியம். ஹெட்போனைக் கழற்றச் சொல்வதும் இதனால்தான்: அறிவிப்பு காதில் விழ வேண்டும்.

வைஃபை இருந்தால் வாட்ஸ்அப் கால் பேசலாமா?

விமானத்தில் இணையம் தருவதற்கான விதிகளை இந்தியா 2018 டிசம்பரில் வெளியிட்டது. அதன்படி செல்போன் சேவை குறைந்தது 3,000 மீட்டர் உயரத்துக்கு மேலேதான். 2020இல், விமானி அனுமதித்தால் ஃபிளைட் மோடில் வைத்து வைஃபை பயன்படுத்தலாம் என்று விதி திருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் ஏர் இந்தியா சில விமானங்களில் உள்நாட்டுப் பயணத்துக்கும் வைஃபை தரத் தொடங்கியது.

இந்த வைஃபை, விமானத்துக்கு உள்ளேயே இருக்கும் ரூட்டரிலிருந்து வருகிறது. உங்கள் போன் வெளியே டவரைத் தேட வேண்டியதில்லை. அதனால்தான் ஃபிளைட் மோடும் வைஃபையும் ஒன்றாகப் போகின்றன. மெசேஜ் அனுப்பலாம், மெயில் பார்க்கலாம். ஆனால் பல நிறுவனங்கள் வாய்ஸ் கால், வீடியோ கால் பேச அனுமதிப்பதில்லை. இதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, பக்கத்து சீட்டுக்காரரின் நிம்மதிதான்.

உண்மையான ஆபத்து எங்கே? பேட்டரியில்!

போன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. அடிபட்டாலோ, உள்ளே பழுதானாலோ அது தானாகவே சூடேறும். அந்தச் சூடே அடுத்த செல்லைப் பற்றவைக்கும். அணைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

2010 செப்டம்பரில் துபாயில் யுபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதில் ஏற்றிச் செல்லப்பட்ட சரக்கில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. தீ அங்கிருந்துதான் தொடங்கியது என்று விசாரணை சொன்னது. பயணிகள் விமானங்களில் லித்தியம்-அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் சர்வதேச அளவில் தடை இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வந்த விமானத்திலும் ஒரு சம்பவம் நடந்தது. 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேல் இருக்கும் லக்கேஜ் பெட்டியிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்தது ஒரு சாம்சங் நோட் 2 போன். ஊழியர்கள் தீயணைப்பான் அடித்து, போனைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், ஹாங்காங் கிளம்பத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. 176 பேரும் உயிர் தப்பினார்கள், விமானத்தின் மேல்பகுதி எரிந்துபோனது. தீ தொடங்கியது லக்கேஜ் பெட்டியில். பவர் பேங்கின் உள்ளே ஏற்பட்ட பழுது காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. விமானம் அப்போது தரையில் நின்றிருந்தது. நடுவானில் நடந்திருந்தால்?

அதன் பிறகுதான் விதிகள் வேகமாக மாறின. 2025 மார்ச் முதல் தென்கொரியா, பவர் பேங்கை மேலே லக்கேஜ் பெட்டியில் வைக்கத் தடை விதித்தது. ஏப்ரலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அக்டோபரில் எமிரேட்ஸ் பயணத்தின்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே தடை செய்தன. 2025 அக்டோபரில் டெல்லியில் ஓர் இண்டிகோ விமானம் கிளம்பும் முன் பயணி ஒருவரின் பவர் பேங்க் தீப்பிடித்தது. டிஜிசிஏவும் விதிகளை இறுக்கியது: பவர் பேங்கை கைப்பையில் மட்டுமே கொண்டு வரலாம், மேலே பெட்டியில் வைக்கக்கூடாது, பயணத்தின்போது அதிலிருந்து போனுக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது.

"ஆபத்து என்றால் கீழே சரக்கு அறையில் போட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். பதில் நேர் எதிர். கேபினில் புகை வந்தால் யாராவது பார்ப்பார்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். கீழே சூட்கேஸுக்குள் பற்றினால் யாராலும் போய் எடுக்க முடியாது. சரக்கு அறையில் அடிக்கும் தீயணைப்பு வாயு சுடரை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. கண் பார்வையில் இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் சாரம்.

உங்கள் பவர் பேங்க் அளவு சரியா? கணக்கு இதோ

விதி பேசுவது வாட்-ஹவர் கணக்கில். பவர் பேங்கில் எழுதியிருப்பதோ எம்ஏஹெச். மாற்றுவது எளிது: எம்ஏஹெச் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும்.

• 10,000 எம்ஏஹெச் = 37 வாட்-ஹவர்: கொண்டு போகலாம்
• 20,000 எம்ஏஹெச் = 74 வாட்-ஹவர்: கொண்டு போகலாம்
• 30,000 எம்ஏஹெச் = 111 வாட்-ஹவர்: விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்

100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு அதிகபட்சம் இரண்டு. 160க்கு மேல் அனுமதி இல்லை. எத்தனை கொண்டு போகலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எமிரேட்ஸில் ஒன்றுதான். பவர் பேங்கின் மேல் இருக்கும் அளவு அழிந்துபோயிருந்தால் செக்யூரிட்டியில் வாங்கி வைத்துவிட வாய்ப்பு அதிகம்.

போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

எடுக்கலாம். டேக்-ஆஃப், லேண்டிங் உட்பட பயணத்தின்போது பயணிகள் படம் எடுக்கலாம் என்று 2020 செப்டம்பரில் டிஜிசிஏ தெளிவுபடுத்தியது. ஆனால் பாதுகாப்புக்கு இடையூறாகவோ, விமானத்துக்குள் குழப்பம் உண்டாகும்படியோ, ஊழியர் வேண்டாம் என்று சொன்ன பிறகோ எடுக்கக்கூடாது. ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் விமான நிலையங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. அறிவிப்பைக் கவனிக்க வேண்டும்.

கிளம்பும் முன் நினைவில் வைக்க வேண்டியவை

• பவர் பேங்க், தனி பேட்டரிகள் செக்-இன் லக்கேஜில் வேண்டாம். கடைசி நேரத்தில் கைப்பையையும் கீழே அனுப்பச் சொன்னால், முதலில் அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும்.
• பவர் பேங்கை சீட்டுக்கு முன்னால் இருக்கும் பையிலோ, காலடியில் இருக்கும் பையிலோ வைக்கலாம். சாவி, நாணயம் உரசாதபடி தனி உறையில் இருப்பது நல்லது.
• உப்பிப்போன பேட்டரி உள்ள போனையோ பவர் பேங்கையோ கொண்டு வரவே கூடாது.
• போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடக்கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும். ஊழியரைக் கூப்பிட வேண்டும்.
• போன் அதிகமாகச் சுட்டாலோ, புகை, கருகல் வாசனை வந்தாலோ வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நொடியே சொல்ல வேண்டும். விமான ஊழியர்கள் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள்.
• தரையிறங்கியதும் அவசரப்பட்டு ஃபிளைட் மோடை எடுக்க வேண்டாம். ஊழியர்கள் அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

ஃபிளைட் மோட் போட மறந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பெட்டியை கவுன்டரில் கொடுக்கும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள். துணிகளுக்கு நடுவே மறந்துபோன ஒரு பவர் பேங்க் இருந்தால், அதை வெளியே எடுப்பதுதான் அந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் மிக முக்கியமான வேலை.