வெள்ளை மாளிகையில் மெயில் பெட்டி மாற்றிய கதை

ஆபீஸ்ல மெயில் சாஃப்ட்வேர் மாத்தறாங்கன்னா நம்ம மக்களுக்கு ரெண்டே கவலைதான். பழைய மடல் எல்லாம் புதுப் பெட்டிக்கு வந்துடுமா? திங்கட்கிழமை காலையில லாகின் ஆகுமா? இது ரெண்டும் நடந்துட்டா மைக்ரேஷன் சக்சஸ்னு டமேஜர் எல்லாருக்கும் நன்றி மடல் தட்டிடுவார் :-) இந்த ரெண்டும் ஒழுங்கா நடந்தும், ஒரு நாட்டோட சரித்திரத்துல ஓட்டை விழுந்த கதை ஒண்ணு இருக்கு. நடந்த இடம் அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகை.

கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருவோம். 1980களில் அங்கே ஓடிக்கிட்டிருந்தது ஐ.பி.எம்.மின் 'ப்ராஃப்ஸ்'. 1986-ல் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடிச்சுது. ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்து, அந்தக் காசை நிகரகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பி விட்ட சமாச்சாரம். மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ஆலிவர் நார்த்தும் அவரோட மேலதிகாரி ஜான் பாயின்டெக்ஸ்டரும் ஆயிரக்கணக்கான மடல்களை அழிச்சாங்க. பேக்கப் டேப்னு ஒண்ணு இருக்கறதை மறந்துட்டாங்க. விசாரணைக் குழு அதிலிருந்தே எல்லாத்தையும் தோண்டி எடுத்துடுச்சு.

அந்த டேப்புகளுக்கும் ஆபத்து வந்தது. ரீகன் பதவி முடியறதுக்கு முந்தின நாள், 1989 ஜனவரி 19 அன்னிக்கு, 'நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ்' என்ற அமைப்பு அதையெல்லாம் அழிக்கக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போச்சு. (பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, இது அரசு அமைப்பு இல்லை. தனியார் ஆய்வு நிறுவனம்.) முக்கியமானதை பிரிண்ட் எடுத்து வச்சா போதாதான்னு அரசுத் தரப்பு கேட்டுது. போதாது, யாருக்குப் போச்சு, எப்போ போய்ச் சேர்ந்தது மாதிரி தகவல் எல்லாம் காகிதத்தில் வராதுன்னு 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அதுக்கப்புறம் 1994-ல் வந்ததுதான் 'ஆர்ம்ஸ்'. மெயில் சர்வர்ல போற வர்ற மடல்களுக்கு ஒரு நகல் எடுத்துத் தனி டேட்டாபேஸ்ல பத்திரமா வைக்கிற மென்பொருள். இதுல ஒண்ணைக் கவனிக்கணும். ஆர்ம்ஸ் மெயில் சாஃப்ட்வேரோட பகுதி இல்லை. வெளியிலிருந்து கொக்கி போட்டு மாட்டின தனிச் சரக்கு. கொக்கி கழண்டாலும் மடல் போகும், வரும். யாருக்கும் எதுவும் தெரியாது.

கழண்டுச்சு. கிளின்டன் காலத்தில் 'மெயில்2'ன்னு ஒரு சர்வர். அந்தப் பேர்ல கேபிடல் லெட்டர், ஸ்மால் லெட்டர் வித்தியாசம்! சர்வர்ல ஒரு மாதிரி, ஆர்ம்ஸ் தேடினது வேற மாதிரி. விளைவு, 1996 ஆகஸ்டிலிருந்து 1998 நவம்பர் வரை அந்த சர்வர்ல இருந்தவங்களுக்கு வெளியிலிருந்து வந்த மடல்கள் காப்பகத்துக்குப் போகவே இல்லை. அதைச் சரி பண்ணின கையோட அடுத்த ஆப்பு. 'டி' எழுத்தில் பேர் ஆரம்பிக்கிறவங்களுக்கு வந்த மடல்கள் சில மாசம் விட்டுப் போச்சு. நம்மள மாதிரி ஆணி பிடுங்கறவங்களுக்கு இதெல்லாம் ரொம்பப் பழக்கமான வியாதிதானே?

இப்போ முக்கியமான கட்டம். 2002-ல் புஷ் நிர்வாகம் லோட்டஸ் நோட்ஸிலிருந்து மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சுக்கு மாற ஆரம்பிச்சுது. ஆர்ம்ஸ் நோட்ஸோட ஓடிக்கிட்டிருந்தது, எக்ஸ்சேஞ்சோட ஒட்டலை. புதுசா ஒரு காப்பக மென்பொருள் வரும்னாங்க. அது வர்ற வரைக்கும் காத்திருக்கலை. ஆட்களைப் புதுப் பெட்டிக்கு மாத்திட்டாங்க. தற்காலிக ஏற்பாடா, மடல் நகல்களை பி.எஸ்.டி. கோப்புகளாச் சேர்த்து ஒரு சர்வர்ல போட்டு வச்சாங்க. அவுட்லுக் பயன்படுத்தினவங்களுக்கு பி.எஸ்.டி. பத்தித் தெரியும். அந்தக் காலத்து பி.எஸ்.டி. ரெண்டு ஜி.பி.யைத் தாண்டினா படுத்துடும். எந்த அலுவலகம், எந்த நாள்னு கோப்புக்குப் பேர் வைக்கறதில் மனுஷக் கை இருக்கும். யார் எப்போ தொட்டாங்கன்னு கணக்கும் இல்லை.

'தற்காலிகம்' எத்தனை நாள் ஓடும்னு உங்களுக்கே தெரியும். புதுக் காப்பக மென்பொருளை 2006-ல் கைவிட்டுட்டாங்க.

2005 அக்டோபர்ல உள்ளேயே யாரோ எண்ணிப் பார்த்தாங்க. ஏதாவது ஒரு அலுவலகத்துக்கு ஒரு மடல்கூடக் காப்பகத்தில் இல்லாத நாட்கள் மொத்தம் 473! அந்தக் கணக்கே தப்புன்னு வெள்ளை மாளிகை பின்னாடி வாதாடினது வேற விஷயம். அது எந்தக் காலம்னு பாருங்க. 2003 மார்ச்ல இராக் போர் தொடங்குது. அதே வருஷம் ஜூலையில் ஒரு சி.ஐ.ஏ. அதிகாரியோட பேர் பத்திரிகையில் கசியுது. அந்தக் கசிவை விசாரிச்ச வழக்கறிஞர் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட், அதிபர், துணை அதிபர் அலுவலக மடல்கள் சில வழக்கமான முறையில் காப்பகத்துக்குப் போகலைன்னு 2006 ஜனவரியில் எழுதினதுக்கு அப்புறம்தான் ஊருக்கே தெரிஞ்சுது. பேக்கப் டேப் இருக்குமேன்னு கேக்கறீங்களா? 2003 அக்டோபர் வரைக்கும் பழைய டேப் மேலேயே புதுசை எழுதிக்கிட்டிருந்தாங்க :-(

2007-ல் ரெண்டு அமைப்புகள் வழக்குப் போட்டாங்க. ஒண்ணு, அதே நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ். 2009 டிசம்பரில் சமரசம் ஆச்சு. தொலைஞ்சதா நினைச்ச மடல்களில் 2 கோடியே 20 லட்சம் கிடைச்சிருந்தது. தப்பான லேபிளோட எங்கேயோ கிடந்திருக்கு. இன்னும் 94 நாட்களுக்கான மடல்களை டேப்பிலிருந்து மீட்கறதா ஒப்புக்கிட்டாங்க. மத்தது? போனது போனதுதான்.

யாரோ சதி பண்ணினாங்களா, இல்லை சோம்பேறித்தனமான்னு இன்னும் சண்டை போடறவங்க உண்டு. எனக்கு ஒரு பொட்டி தட்டறவனா தோணறது இதுதான். 1978 சட்டப்படி அதிபர் அலுவலக ஆவணங்கள் மக்களோட சொத்து. ஆனா மைக்ரேஷன் சரியா நடந்துதான்னு சொல்ற பயனர் அந்த மக்கள் இல்லை, உள்ளே உக்காந்து மடல் அனுப்பறவர். அவருக்கு எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சுது. காப்பகத்தில் நாளைக்குத் தேடப் போற ஆராய்ச்சியாளர், நீதிபதி இவங்க யாரும் டெஸ்டிங்குக்கு வரமாட்டாங்க.

அதனால உங்க ஆபீஸ்ல அடுத்த தடவை மெயில் மாத்தற மீட்டிங் நடந்தா, பழைய சர்வரை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டு வைங்க. அதுல கொக்கி போட்டுத் தொங்கிக்கிட்டிருக்கறது என்னென்ன, அதெல்லாம் புதுசுல மாட்டி ஓடுதா? டமேஜர் முறைப்பார். பரவாயில்லை, கேளுங்க.