குழு நிலையில் விவாதக் கால வரையறை: பிரித்தானியக் காமன்ஸ் அவையில் கில்லட்டின் முறையின் தோற்றம் (1881–1893)

ஆய்வுச்சுருக்கம்

சட்ட முன்வடிவொன்றின் பிரிவுகள் ஒவ்வொன்றாக ஆராயப்படும் நிலை குழு நிலையாகும். அந்நிலையில் விவாதத்திற்குக் கால எல்லை விதிக்கும் வழக்கம் பிரித்தானியக் காமன்ஸ் அவையில் அயர்லாந்து தொடர்பான முன்வடிவுகளை ஒட்டியே உருப்பெற்றது. 1887ஆம் ஆண்டின் அயர்லாந்துக் குற்றவியல் சட்ட முன்வடிவையும், 1893ஆம் ஆண்டின் அயர்லாந்துத் தன்னாட்சி முன்வடிவையும் ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, கால வரையறையின் முதன்மை விளைவு விவாதத்தின் நீளம் குறைவது அன்று, எந்தப் பிரிவு ஆராயப்படும், எது ஆராயப்படாது என்பது முடிவாவதே என்று நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: காமன்ஸ் அவை, குழு நிலை, விவாத முடிப்பு, கில்லட்டின், அயர்லாந்துக் கட்சி, கிளாட்ஸ்டன்.

முன்னுரை

நாடாளுமன்ற வரலாற்றில் நடைமுறை விதிகள் பெரும்பாலும் அரசியல் நிகழ்வுகளின் பின்னணியாகவே கருதப்படுகின்றன. ஆயின் ஒரு சட்டத்தின் எந்தச் சொல் கேள்விக்கு உள்ளாகிறது, எந்தச் சொல் கேள்வியின்றி நிறைவேறுகிறது என்பதை அவ்விதிகளே முடிவு செய்கின்றன. பிரெஞ்சுப் புரட்சிக் காலத் தலைவெட்டு இயந்திரத்தின் பெயரால் கில்லட்டின் என்று அழைக்கப்பட்ட முறை இதற்குத் தக்க சான்றாகும். குறித்த நாளில் குறித்த மணி அடித்ததும் விவாதம் நின்றுவிடும். எஞ்சிய பிரிவுகள் யாவும் விவாதமின்றி வாக்கெடுப்புக்கு விடப்படும்.

குழு நிலையின் இயல்பும் தடையுத்தியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான முன்வடிவுகள் முழு அவைக் குழுவில் ஆராயப்பட்டன. அவை முழுவதுமே குழுவாக அமர, அவைத் தலைவருக்குப் பதிலாகக் குழுத் தலைவர் தலைமை ஏற்பார். அவையாக அமர்ந்திருக்கையில் ஓர் உறுப்பினர் ஒரு பொருள் குறித்து ஒருமுறையே பேசலாம். குழுவில் எத்தனை முறையும் பேசலாம். ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு திருத்தமும் தனித்தனி வினாவாக முன்வைக்கப்படும். நுணுக்கமான ஆய்வுக்கு இடமளிக்கவே இத்தளர்வு ஏற்பட்டது. அதே தளர்வு, சிறுபான்மையினர் அவையின் அலுவலையே நிறுத்திவைக்கவும் வழிவகுத்தது.

1870களின் பிற்பகுதியில் ஜோசப் பிக்கர், சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல் ஆகிய அயர்லாந்து உறுப்பினர்கள் இவ்வழியைத் திட்டமிட்டுக் கையாண்டனர். 1877 ஜூலை இறுதியில் தென்னாப்பிரிக்க முன்வடிவின் குழு நிலை அமர்வு ஏறத்தாழ 26 மணி நேரம் நீண்டது. அயர்லாந்தின் குறைகளுக்குச் செவிகொடாத அவை, வேறு எந்த அலுவலையும் எளிதில் முடிக்க இயலாது என்பதே அவர்கள் உணர்த்த விரும்பியது.

1881இல் நிலைமை முற்றியது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கும் முன்வடிவை அறிமுகம் செய்வதற்கான அனுமதியின் மீதே ஜனவரி 31 பிற்பகல் முதல் பிப்ரவரி 2 காலை வரை 41 மணி நேரத்திற்கும் மேலாக விவாதம் நடந்தது. அவைத் தலைவர் ஹென்றி பிராண்ட், எழுதப்பட்ட விதி ஏதுமின்றித் தம் பொறுப்பில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்பு நடத்தினார். மறுநாள் 36 அயர்லாந்து உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 1882இல் விவாத முடிப்பு நிலையாணையில் இடம்பெற்றது. அதனைத் தொடங்கும் உரிமை தலைமையிடமே இருந்தமையால் அது அரிதாகவே பயன்பட்டது. 1887 மார்ச்சில் அவ்விதி திருத்தப்பட்டு, தலைமையின் இசைவுடன் எந்த உறுப்பினரும் விவாத முடிப்பைக் கோரலாம் என்றாயிற்று.

1887: காலவரம்பற்ற சட்டமும் காலவரம்புற்ற விவாதமும்

விவாத முடிப்பு ஒரு வினாவை மட்டுமே முடிக்க வல்லது. நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வரும் குழு நிலையில் ஒவ்வொன்றுக்கும் அதனைக் கோருவதே காலத்தை விழுங்கிவிடும். சாலிஸ்பரி பிரபுவின் அரசு கொண்டுவந்த அயர்லாந்துக் குற்றவியல் சட்ட முன்வடிவில் இக்குறை வெளிப்பட்டது. அயர்லாந்துத் துறைச் செயலர் ஆர்தர் பால்ஃபோர் பொறுப்பேற்றிருந்த அம்முன்வடிவு, சில குற்றங்களை நடுவர் குழாம் இன்றி நடுவர்களே விசாரிக்கவும், சங்கங்களை ஆபத்தானவை என்று அறிவிக்கவும் அதிகாரம் அளித்தது. முந்தைய அடக்குமுறைச் சட்டங்கள் குறித்த காலத்திற்கே உரியவை. இதற்கோ முடிவு நாள் இல்லை.

1887 ஜூன் 10 அன்று அவை முன்னவர் டபிள்யூ. எச். ஸ்மித் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். ஜூன் 17 இரவு 10 மணிக்குக் குழு நிலை முடிவுறாதிருப்பின், எஞ்சிய பிரிவுகள் விவாதமின்றி வாக்கெடுப்புக்கு விடப்படும் என்பது அதன் சாரம். குறித்த இரவில் மணி பத்தானபோது அவை ஆறாம் பிரிவில் நின்றிருந்தது. ஆபத்தான சங்கங்களை அறிவிக்கும் அதிகாரம் பற்றியது அப்பிரிவு. அயர்லாந்து உறுப்பினர்கள் அவையை விட்டு வெளியேற, பின்வந்த பிரிவுகள் ஒரு சொல்லும் ஆராயப்படாமல் நிறைவேறின.

இதன் பொருளை அடுத்த சில வாரங்களே விளக்கின. ஆகஸ்டில் அயர்லாந்துத் தேசியக் கழகம் ஆபத்தான சங்கமாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று, அச்சட்டத்தின்கீழ் வில்லியம் ஓ'பிரையன் மீது தொடுக்கப்பட்ட வழக்கையொட்டி மிச்செல்ஸ்டவுனில் கூடிய மக்கள் மீது காவலர் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். இதற்குக் கில்லட்டின் தீர்மானமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது; பெரும்பான்மை அரசிடமே இருந்தது. எனினும் மக்களின் கூடும் உரிமையைத் தொடும் அதிகாரங்களின் எல்லை எது, அவை எச்சூழலில் பயன்படும் என்ற வினாக்களுக்கு அமைச்சர் அவையில் விடையளிக்க வேண்டிய நிலை அன்றிரவு பத்து மணியோடு நீங்கியது.

1893: இடம் மாறிய தரப்புகள்

ஆறு ஆண்டுகளில் காட்சி தலைகீழாயிற்று. பிரதமர் கிளாட்ஸ்டன் 1893 பிப்ரவரி 13 அன்று அயர்லாந்துத் தன்னாட்சி முன்வடிவை அறிமுகம் செய்தார். மே மாதத்தில் தொடங்கிய குழு நிலை ஜூன் இறுதியிலும் தொடக்கப் பிரிவுகளைத் தாண்டவில்லை. இம்முறை திருத்தங்களைக் குவித்தோர் கன்சர்வேடிவ் கட்சியினரும், ஜோசப் சேம்பர்லின் முதலான லிபரல் ஒன்றியவாதிகளும் ஆவர். 1887இல் கில்லட்டினைக் கொணர்ந்த தரப்பு அவர்களுடையது.

கிளாட்ஸ்டன் அதே கருவியைச் சீர்செய்து கையிலெடுத்தார். எஞ்சிய பிரிவுகள் பல பகுதிகளாகப் பகுக்கப்பட்டு, ஜூலை 6, 13, 20, 27 ஆகிய நாட்களில் ஒவ்வொரு பகுதியும் முடிய வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. ஒரே நாளில் யாவும் வெட்டுண்ட 1887இன் குறையை இப்பகுப்பு நீக்கும், பிற்பிரிவுகளுக்கும் பங்கு கிட்டும் என்பது எதிர்பார்ப்பு. அது ஓரளவே நிறைவேறியது. அயர்லாந்து உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் தொடர்ந்து அமர்வதா என்பதைக் கூறும் ஒன்பதாம் பிரிவு தன் பகுதிக்குரிய காலத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. அதன் பின் நின்ற பிரிவுகள் விவாதமின்றியே கடந்தன.

ஜூலை 27 இரவு, இறுதிப் பகுதிக்குரிய காலம் முடியும் வேளையில் சேம்பர்லின் பேசிக்கொண்டிருக்க, அவரை 'யூதாஸ்' என்று அயர்லாந்து உறுப்பினர்கள் கூவினர். அவைக்குள்ளேயே கைகலப்பு மூண்டது. 1887இல் கில்லட்டினை எதிர்த்து வெளிநடப்புச் செய்த கட்சி, 1893இல் அதற்கு வாக்களித்தது. 80 நாட்களுக்கும் மேலாகக் காமன்ஸ் அவையில் இருந்த முன்வடிவு, செப்டம்பர் 1 அன்று 301க்கு 267 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஒரு வாரத்தில் பிரபுக்கள் அவை 419க்கு 41 என்ற வாக்குகளில் அதனைத் தள்ளியது.

ஒப்பீட்டு நோக்கு

இரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கும்போது மூன்று கூறுகள் புலனாகின்றன. முதலாவது, கில்லட்டின் எக்கட்சிக்கும் உரியதன்று, பெரும்பான்மைக்கு உரியது. அதனை எதிர்த்தோர் அதிகாரம் பெற்றதும் கைவிடவில்லை, செம்மைப்படுத்தினர்.

இரண்டாவது, தடையுத்தியும் கால வரையறையும் ஒன்றையொன்று வளர்த்தன. அதிகாரத்தை நோக்கி நுணுக்கமான வினா எழுப்பிய உறுப்பினரும் காலம் கடத்தவே பேசிய உறுப்பினரும் கடிகாரத்தின்முன் ஒன்றே.

மூன்றாவது, முன்வடிவில் ஒரு பிரிவு நிற்கும் இடம் அரசியல் முக்கியத்துவம் பெற்றது. முன்னே நிற்கும் பிரிவு விவாதிக்கப்படும். பின்னே நிற்பது தப்பிக்கும். வரிசையை அமைப்பது அரசே. குறித்த மணிக்குப் பின் அரசின் திருத்தங்கள் மட்டுமே வாக்கெடுப்புக்கு வரும் என்ற ஏற்பாடு பின்னர் நிலைபெற்றபோது இச்சாய்வு மேலும் வலுத்தது.

முடிவுரை

அடுத்து வந்த ஆண்டுகளில் கில்லட்டின் வழக்கமான கருவியாயிற்று. 1947இல் தொழிற்கட்சி அரசு போக்குவரத்து முன்வடிவுக்காக அதனை நிலைக்குழுக்களுக்கும் விரித்தது. இந்திய மக்களவையிலும் இப்பெயர் வழங்குகிறது. மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கப்பட்ட இறுதி நாளில், குறித்த வேளை வந்ததும் எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் ஒருங்கே வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. அயர்லாந்துப் பூசலில் விதிவிலக்காகப் பிறந்த ஏற்பாடு, இங்கு ஆண்டுதோறும் நிகழும் நடைமுறையாக நிற்கிறது.

காலத்திற்கு எல்லையே இராத அவை செயல்பட இயலாது என்பதை 1881 காட்டியது. எல்லை விதிக்கும் உரிமை பெரும்பான்மையிடம் மட்டுமே இருப்பின் என்ன நேரும் என்பதை 1887 காட்டியது. ஆகவே ஒரு முன்வடிவுக்கு எத்தனை மணி நேரம் அளிக்கப்பட்டது என்ற கணக்கு மட்டும் போதாது. அந்நேரம் எப்பிரிவுகளுக்குப் பங்கிடப்பட்டது, எப்பிரிவுகள் ஆராயப்படாமலே சட்டமாயின என்பதைக் கணக்கிடுவதே நாடாளுமன்ற வரலாற்று ஆய்வு மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.