எண்ணப்பட்டோரும் வாக்களித்தோரும்: ஊவாத் தோட்டங்களும் ஜனாதிபதித் தேர்தல்களும்

ஜனாதிபதித் தேர்தல்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேட்பாளரின் ஆளுமையையும் பிரசார உத்திகளையுமே ஆதாரமாகக் கொள்வர். எனினும், மக்கட்டொகையில் எண்ணப்படுவோர் யாவர், வாக்களிப்போர் யாவர் என்பன இரு வேறு வினாக்கள். இவற்றிடையே தோன்றிய இடைவெளி தற்செயலானதன்று. ஆளும் வர்க்கங்கள் தம் நலனுக்கேற்பப் பேணிய ஒன்று. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலத் தோட்டங்களும் இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களும் இதற்குத் தக்க சான்றுகளாகும். அடிமைமுறையும் கங்காணிமுறையும் ஒன்றல்ல. ஆயின் எண்ணிக்கையை ஏற்று உரிமையை மறுக்கும் தருக்கம் இரண்டிடத்தும் பொதுவானது.

1787ஆம் ஆண்டின் அமெரிக்க அரசியலமைப்பு, அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துப் பிரதிநிதிகள் சபையின் இடங்களை ஒதுக்கிற்று. ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் தேர்வாளரின் தொகை அவ்விடங்களைச் சார்ந்திருந்தமையால், அடிமை உடைமையாளரின் செல்வாக்கு ஜனாதிபதிப் பதவிவரை நீண்டது. 1800இல் தோமஸ் ஜெபர்சன் 73க்கு 65 என ஜோன் அடம்ஸை முந்துவதற்கு இவ்வேற்பாடு பெரிதும் துணைநின்றது. 1868இன் திருத்தத்தின்படி கறுப்பின மக்கள் முழுமையாக எண்ணப்பட்டனர். ஆனால் 1877இன் பின்னர் தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் வன்முறையாலும் அவர்களது வாக்கு பறிக்கப்பட்டது. 1965இன் வாக்குரிமைச் சட்டம்வரை இந்நிலை நீடித்தது.

இலங்கையில் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றில் வென்றது. பதுளையில் லங்கா சமசமாஜக் கட்சியின் ஜே. சி. ரி. கொத்தலாவல தெரிவானார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுவூட்டுவதை ஆட்சியாளர் உணர்ந்தனர். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வாக்கைப் பறித்தன. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. எனினும் சோல்பரி அரசியலமைப்பு, பிரஜை, பிரஜையல்லாதார் என்ற வேறுபாடின்றி 75,000 பேருக்கு ஓரிடம் என்ற கணக்கையே கொண்டிருந்தது. எனவே தொழிலாளரின் தலைகள் மலைநாட்டின் ஆசனங்களைப் பெருக்க, அவ்வாசனங்களை நிரப்பும் அதிகாரம் ஏனையோரைச் சேர்ந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தை அவர்களைக் கேளாமலே தீர்மானிக்க முற்பட்டது.

1978இன் அரசியலமைப்பு நிறைவேற்று ஜனாதிபதி முறையை நிலைநாட்டிற்று. திறந்த பொருளாதாரத்துக்கு வேண்டிய அதிகாரக் குவிப்பே அதன் உள்ளடக்கம். ஆயின் அதற்குள் ஒரு முரண்பாடும் இருந்தது. முழுத் தீவும் ஒரே தொகுதியானதால், எல்லை நிர்ணயத்தால் ஒரு வாக்கின் பெறுமதியைக் குறைத்தல் இத்தேர்தலில் இயலாதாயிற்று. 1988இல் ரணசிங்க பிரேமதாச பெற்றது 50.43 சதவீதமே, இத்தகைய போட்டியில் சிறு மக்கட்பிரிவையும் எவரும் புறக்கணிக்க இயலாது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியமையை இப்பின்னணியிலும் நோக்குதல் வேண்டும்.

2015 ஜனவரியில் பதுளை மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேன 249,524 வாக்குகளையும் மகிந்த ராஜபக்ச 249,243 வாக்குகளையும் பெற்றனர். வேறுபாடு 281. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு புளோரிடாவின் 537 வாக்குகள் அம்மாநிலத்தின் 25 தேர்வாளரையும் ஜோர்ஜ் புஷ்ஷுக்கு ஈந்து ஜனாதிபதியையே தீர்மானித்தன. பதுளையின் 281க்கு அத்தகைய சட்டப் பெறுமதி இல்லை. அவை நாடளாவிய மொத்தத்தில் 281 வாக்குகளே. ஆயினும் தோட்டத் தமிழர் கணிசமாக வாழும் மாவட்டமொன்றில் அவர்களது வாக்கு எத்தகைய தராசில் நிற்கின்றது என்பதை அவை காட்டுகின்றன.

அவ்வாக்கு எதனைப் பெற்றுத் தந்தது? அத்தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னர், 2014 ஒக்டோபர் 29 அன்று, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடிற்று. அவற்றில் வாழ்ந்தோர் நாட்டின் தலைவரைத் தெரிவுசெய்யும் உரிமையுடையோர்; பாதுகாப்பான இடத்தில் வீடமைக்கத் தமக்கென நிலமற்றோர். 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்ட எல்லைக்குள் உள்ளூராட்சிப் பணிகளை ஏறத்தாழத் தடைசெய்திருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. ஜனாதிபதியைத் தெரிவுசெய்தவர் தம் லயனுக்கு ஒரு பாதை கேட்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை வேண்டிநின்றனர்.

பிரஜாவுரிமையை மீட்டமை பெரும் போராட்டங்களின் பயன். அதனைச் சிறுமைப்படுத்துதல் தவறு. ஆனால் தொழிற்சங்கத் தலைமைகள் வாக்குகளை மொத்தமாகப் பேரம்பேசி அமைச்சுப் பதவிகளைப் பெற்றபோதும், உற்பத்தி உறவுகள் பெரிதும் மாறவில்லை. மலையக மக்களின் தேர்தல் வரலாறு நிலவுடைமையின் வரலாற்றோடு சேர்த்து எழுதப்படும்போதுதான், 1948இல் பறிக்கப்பட்டது எது, பின்னர் திரும்பக் கிடைத்தது எவ்வளவு என்பதை நாம் சரியாகக் கணிக்க முடியும்.